நிறைவறியாச் சலவைத் தொட்டி

துணி வெளுக்கும் தொழிலைக் கல்லினின்றும் கையினின்றும் வாங்கி யந்திரத்தினிடம் ஒப்படைத்த இல்லங்கள் இக்காலத்து நம் நாட்டிற் பலவாயின. அவ்யந்திரம் செவ்வனே இயங்குங்கால் அதனை நினைப்பார் எவருமிலர். அது பிழைபட்ட அன்று வீடு முழுவதும் அதனைப் பற்றியே பேசும். 2024ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் உடுமலைப்பேட்டையிலுள்ள எம் இல்லத்துச் சலவை யந்திரம், தொட்டி நிறைந்த பின்னரும் நீரை வாங்கிக்கொண்டே இருந்து, மேல்மாடித் தளத்தை இருமுறை குளமாக்கியது. அதன் காரணத்தைத் தேடிக் கண்ட வகையை ஈண்டு எழுதுகின்றேன். பௌதிகம் பயிலும் மாணவர்க்கு இதில் ஆர்வம் உண்டாகலாம். பயிலாதார்க்கும் வீட்டில் இத்தகைய யந்திரம் ஒன்று இருத்தல் கூடுமாதலின் பயன் உண்டாகலாம்.

முதலில் எம் வீட்டின் நிலையைச் சிறிது கூறவேண்டும். தளி சாலையினின்றும் பிரியும் ஒரு தெருவில், கீழ்த்தளமும் மேல்தளமுமாக அமைந்த சிறு வீடு அது. திருமூர்த்தி அணையினின்றும் வரும் நகராட்சிக் குடிநீர் எம் தெருவிற்கு நாள் விட்டு நாள் வரும். அதனைக் குடங்களிலும் டிரம்களிலும் பிடித்துச் சமையலுக்கும் குடிப்பதற்கும் வைத்துக்கொள்வோம். ஏனைய வேலைகட்கெல்லாம் போர்க்கிணற்றின் உப்புநீரே. மோட்டாரால் ஏற்றப்பட்டு மொட்டைமாடியிலுள்ள டேங்கில் அது தங்கும். கோடையில் அக்கிணறு அரைமணி நேரத்திற்கு மேல் நீர் தருவதில்லை. பின்னர்ப் பல மணி நேரம் ஊற விடவேண்டும். ஆதலின் டேங்க் நிறைந்திருக்கும் பொழுதினும் குறைந்திருக்கும் பொழுதே மிகுதி. இச்செய்தியைப் படிப்போர் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.

என் அன்னையாரைப் பெற்ற அம்மிச்சி, பக்கவாதத்தாற் படுக்கையிற் கிடந்து ஓராண்டு கழிந்திருந்தது. கீழ்த்தளத்தில் முன்னறைக்கு அடுத்த அறை அவருடையது. நாள்தோறும் அவருடைய விரிப்புக்களும் புடவைகளும் துவைக்கப்பட வேண்டும்; ஒரு நாள் தவறினும் அறையில் இருத்தல் இயலாது; அவர் முதுகிற் புண் உண்டாகிவிடும் என்னும் அச்சமும் உண்டு. அன்னையாருக்கோ வலக்கை மணிக்கட்டில் நீங்காத வலி. நனைந்த விரிப்பைப் பிழிய அவரால் இயலாது. இந்நிலையிற் சலவை யந்திரம் எமக்கு ஆடம்பரப் பொருளாயிருக்கவில்லை. அதன் பிழை தீரும் வரை தந்தையார் விடியற்காலையில் எழுந்து துணிக்கல்லில் விரிப்புக்களை அலசிவிட்டுப் பின்னர்த் தம் வேலைக்குச் செல்வார். அவருக்கு அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

பழுது பார்ப்பவர் ஒருவரை அழைத்தோம். அவர் வந்த நாளில் யந்திரம் நல்ல பிள்ளைபோல் நடந்துகொண்டது. நீரை அளவாக வாங்கிற்று, நிறுத்திற்று, சுழன்றது. இப்படி இடையிடையே தோன்றி மறையும் பிழைகளுக்குப் பலரும் ஒரே காரணத்தைக் கூறுவர். அவரும் அதனையே கூறினார். யந்திரத்தின் மூளையாகிய மின்பலகையை மாற்றவேண்டும் என்றும், ஆறாயிரத்துக்கு மேற் செலவாகும் என்றும் உரைத்தார்.

"ஏனுங் தம்பி, வேற வழியே இல்லீங்களா?" என்று தந்தையார் வினவினார்.

"இல்லீங்ணா, போர்டுதானுங்க" என்பது விடை.

அவர் திறமையற்றவர் என்று யான் கூற வரவில்லை. பிழை தன் கண்முன் நிகழாதபோது, விலையுயர்ந்த உறுப்பின்மேல் ஐயங்கொள்வது அத்தொழிலில் வழக்கமாகிவிட்டது. ஆயினும், நாள்தோறும் அவ்யந்திரத்தின் அருகில் நிற்பவரை அவர் ஒன்றும் கேட்கவில்லை. என் அன்னையார் கதவோரத்தில் நின்றிருந்தார். பழுது பார்ப்பவர் படியிறங்கிப் போன பின்பு அவர் என்னிடம் கூறினார்:

"அந்தத் தம்பி வந்தப்ப டேங்கு ரொம்பி இருந்துது சாமி. டேங்கு அடீல கெடக்குறப்பத்தான் இது இப்படிப் பண்ணுது. அன்னிக்குக் கரண்டு போயி அரைமணி நேரமாச்சு, அப்பவும் தண்ணி சொய்யின்னு வந்துட்டேதான் இருந்துது."

இவ்விரண்டு சொற்களிலும் முழு விடையும் அடங்கியிருந்தது என்பதனை யான் பின்னரே முற்றும் உணர்ந்தேன். எனினும் இரண்டாவது செய்தி அப்பொழுதே என்னைத் திடுக்கிடச் செய்தது. மின்சாரம் அற்ற வேளையில் மின்பலகை எவ்வாறு நீரைத் திறந்து வைத்தல் கூடும்?

இவ்யந்திரம் நீரின் அளவை எவ்வாறு அறிகின்றது என்பதனை இங்கு விளக்கவேண்டும். எம் ஊருக்குத் தெற்கே, 1957ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அமராவதி அணையில், நீர்மட்டம் 90 அடியை நெருங்குங்கால் அளவுகோலைப் பார்த்திருப்போர் மதகைத் திறக்க ஏற்பாடு செய்வர். அங்கே காணும் கண் உண்டு. சலவைத் தொட்டியிற் கண் இல்லை. தொட்டியின் அடியில் ஒருபுறமாக ஒரு சிறு காற்றறை உண்டு. அதனின்றும் எழுதுகோற் பருமனுள்ள குழாய் ஒன்று மேலேறி, ஓர் உணர்கருவியிற் சென்று முடியும். நீர் ஏறும்பொழுது அறையிலுள்ள காற்று வெளியேற வழியின்றி நெருக்குண்கின்றது. அந்நெருக்கத்தையே யந்திரம் நீரின் உயரம் என்று கொள்ளுகின்றது. நீரை அது தொடுவதில்லை, காணுவதுமில்லை, சிறைப்பட்ட காற்றின் மூச்சைக் கேட்டே நடக்கின்றது.

அம்மூச்சு எத்துணை மெல்லியது என்று கணக்கிட்டுப் பார்த்தேன். தொட்டியில் 40 செண்டிமீட்டர் உயரம் நீர் நின்றால், குழாயிலுள்ள காற்று ஏற்கும் மிகை அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நூற்றுக்கு 4 பங்கேயாம். 1662ஆம் ஆண்டு ராபர்ட் பாயில் வெளியிட்ட விதியின்படி, காற்றின் கனஅளவும் அவ்வளவே சுருங்கும். இத்துணைச் சிறிய மாற்றத்தை நம்பியே யந்திரம் வாயிலை அடைக்கின்றது. பழைய யந்திரங்களில் ஒரு சவ்வு வளைந்து ஸ்விட்சைத் தட்டும். குழாயின் முனையை வாயில் வைத்து மெல்ல ஊதினால் டக்கென்னும் ஒலி கேட்கும். புதியவற்றில் அச்சவ்வு ஒரு காந்தத் தண்டைக் கம்பிச்சுருளுக்குள் நகர்த்த, மின் அதிர்வின் வேகம் மாறுகின்றது. எவ்வகையாயினும், குழாயில் ஓர் ஊசித்துளை விழுந்தாலும், முனை நழுவினாலும் காற்றுக் கசிந்துவிடும். அப்பொழுது தொட்டி விளிம்பு வரை நிறைந்திருப்பினும் யந்திரம் அதனை வெறுந்தொட்டி என்றே எண்ணி மேலும் மேலும் நீரை வாங்கும். அளவுக்கு மேல் நீர் நிரம்பும் பிழைக்கு இஃது ஒரு பெருங்காரணம். ஆதலால் அன்னையார் கூற்று வேறு திசையைக் காட்டினும், இக்குழாயை முதலிற் சோதித்து விலக்கிவிடக் கருதினேன்.

அதற்கு யந்திரத்தைப் பிரிக்கவேண்டிய அவசியமில்லை. நீர்வரும் குழாயின் திருகை இறுக மூடிவிட்டு, யந்திரத்தை இயக்கி, வாளியால் நீரை மொண்டு தொட்டியில் ஊற்றினேன். ஆறாம் வாளி வரை அது வாளாவிருந்தது. ஏழாம் வாளி பாதி ஊற்றியவுடன், நீர் உரிய கோட்டை எட்ட, அது நீர் வாங்கும் நிலையை விட்டுத் துவைக்கத் தொடங்கிற்று. காற்றறையும் குழாயும் உணர்கருவியும் மின்பலகையும் தத்தம் கடமையைச் செய்கின்றன என்பது இதனால் தெளிவாயிற்று. நிறைவை யந்திரம் அறிந்தது; அறிந்தும் நீரை நிறுத்த இயலவில்லை. ஆகவே ஐயம் வாயிலின் மேல் நின்றது.

மறுநாட் காலையில் டேங்க் நிறைந்திருந்தது. யந்திரம் நீர் வாங்கிக்கொண்டிருக்கும்போதே பிளக்கை உருவினேன். நீர் உடனே நின்றது. மாலையில் டேங்கைத் தட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு சாண் நீரே இருந்தது. மீண்டும் அவ்வாறே பிளக்கை உருவினேன். நீர் நிற்கவில்லை. விரற்பருமன் தாரை நூற்பருமனாய் மெலிந்ததே ஒழிய ஓயவில்லை. அன்னையார் என்னருகில் நின்று அதனை நோக்கினார். "நாஞ் சொன்னேன்ல" என்னும் ஒரு சொல்லுங்கூட அவர் வாயினின்றும் வரவில்லை. துடைப்பத்தை எடுத்துத் தரையிற் சிந்திய நீரைத் தள்ளலானார்.

பிளக்கை உருவிச் செய்யும் இச்சோதனை மிக எளிது, எவரும் செய்யலாம். மின்சாரம் நின்றவுடன் நீரும் நின்றால், பிழை வாயிலுக்கு ஆணையிடும் உறுப்புக்களில் உள்ளது: காற்றுக்குழாய், உணர்கருவி, மின்பலகை ஆகியவற்றுள் ஒன்று. மின்சாரம் நின்ற பின்னும் நீர் வருமாயின், பிழை வாயிலிலேயே உள்ளது. ஆயின் ஒன்று: தரையில் நீர் பரவிய பின்பு ஈரக்காலுடன் சென்று பிளக்கைத் தொடுதல் உயிருக்கே கேடாகும். அப்பொழுது வீட்டின் மெயின் ஸ்விட்சை அணைத்த பின்னரே அருகிற் செல்லவேண்டும்.

கடைக்காரர் இன்லெட் வால்வு என்று வழங்கும் அவ்வாயிலின் அமைப்பு வியக்கத்தக்கது. மின்சாரத்தால் ஒரு கதவு திறக்கின்றது, மின்சாரம் நின்றால் ஒரு வில் அதனை அழுத்தி மூடுகின்றது என்றே யான் எண்ணியிருந்தேன். பெரும்பாலார் எண்ணமும் அதுவே. உண்மை அவ்வாறில்லை. வீட்டுக் குழாயின் நீர் முழுவதையும் எதிர்த்து மூடுவதற்கு அச்சிறு வில்லின் வலிமை போதாது. ஆதலின் நீரைக்கொண்டே நீரை அடைக்கும் உபாயத்தை அதனை அமைத்தோர் கண்டனர். வாயிலின் குறுக்கே வட்டமான ரப்பர்ச் சவ்வு ஒன்று படிந்திருக்கும். அதன் ஓரத்தில் ஓர் ஊசித்துளை. நடுவில் மற்றொரு துளை. ஓரத் துளையின் வழியே நீர் சவ்வின் மேற்புறம் சென்று தேங்கி, தன் அழுத்தத்தால் அதனைக் கீழ்நோக்கி அமுக்கி வாயிலை மூடி வைத்திருக்கும். கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்ததும், ஒரு சிறு இரும்புத் தண்டு மேலெழுந்து நடுத்துளையைத் திறக்கும், மேலே தேங்கிய நீர் அவ்வழியே வடியும், சவ்வு எழும், வாயில் திறக்கும். மின்சாரம் நின்றால் தண்டு வில்லினால் இறங்கி நடுத்துளையை மட்டும் அடைக்கும். அந்த வில்லின் வேலை அவ்வளவே. பெருவாயிலை மூடுவது ஓரத் துளையின் வழியே மீண்டும் வந்து சேரும் நீர்தான்.

எனவே, வாயில் மூடுவதற்கு இரண்டு வேண்டும். ஊசித்துளை அடைபடாமல் இருத்தல் ஒன்று. மூடுதற்கு ஏற்ற அழுத்தம் நீருக்கு இருத்தல் மற்றொன்று. நீர் மிகுந்த வேகத்தோடு வந்தால்தான் யந்திரம் வழிந்தோடும் என்று பலர் நினைப்பர். நீர் வலிகுன்றி வருவதாலும் அது வழிந்தோடும் என்பதே இங்கு அறியத்தக்கது. சலவை யந்திரங்களின் கையேடுகள் பல, 0.3 பார் அளவேனும் நீரழுத்தம் வேண்டுமென்று கூறும். அஃது ஏறத்தாழ 10 அடி உயரமுள்ள நீர்நிரலின் அழுத்தமாகும். எம் யந்திரமோ மேல்மாடியில் நின்றது. டேங்க் அதற்கு நேர்மேலுள்ள தளத்தில் இருந்தது. அளவுநாடாவால் அளந்தேன். வால்விலிருந்து டேங்கின் அடி வரை 7 அடியே. டேங்க் நிறைந்திருந்தால் நீர்நிரல் 10 அடிக்குச் சற்று மேற்படும். குறைந்திருந்தாலோ எட்டடிக்குங் குறையும். அன்னையாரின் முதற் செய்தி இவ்வாறு அளவுநாடாவில் விளங்கிற்று. பழுது பார்ப்பவர் வந்த வேளை டேங்க் நிறைந்த வேளை. அதனால் யந்திரம் அவர்முன் குற்றமற்று நின்றது.

ஆயினும் இரண்டாண்டுகள் இதே 7 அடியில் பிழையின்றி நடந்த யந்திரம் இப்பொழுது பிழைபட்டது ஏன்? பிளக்கை உருவி வைத்து, திருகை மூடி, வால்வைக் கழற்றினேன். நீர் நுழையும் இடத்திலுள்ள சிறு வலையில் மணலும் பாசியும் அப்பியிருந்தன. அதனை ஒரு பழைய பல்துலக்கியால் தேய்த்துத் தூய்மை செய்தேன். திருகாணிகளை நீக்கிச் சவ்வை எடுத்துப் பார்த்தபொழுது, அதன் ஓரத்தில் வெண்மையான படிவு, நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரங்களின் அடியிற் காண்பது போன்றே கெட்டியாகப் பற்றியிருந்தது. போர்க்கிணற்று நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புக்களின் வேலை அது. ஊசித்துளை இருந்த இடமே தெரியவில்லை. கொங்கு நாட்டில் உப்புநீரிற் சோப்பு நுரைக்காது என்று நம் தாய்மார் கூறும் அதே காரணம் இங்கே வாயிலையும் பிடித்திருந்தது. சவ்வை எலுமிச்சைச் சாற்றில் இட்டேன். சிறுசிறு குமிழிகள் எழுந்தன. கரிமல வாயு வெளிப்படுகின்றது என்று அம்மிச்சியின் கட்டிலருகே அமர்ந்திருந்த என் தங்கைக்கு விளக்கினேன். அவள் அக்கிண்ணத்தைக் காட்சிப்பொருளாகத் தெருப்பிள்ளைகட்கெல்லாம் காட்டிவிட்டாள்.

படிவு கரைந்தும் ரப்பரின் விளிம்பு விறைத்திருந்தமையால், அதனை மீண்டும் நம்ப மனம் வரவில்லை. உடுமலைக் கடைவீதியிற் புதிய வால்வு நானூறு ரூபாய்க்குள் கிடைத்தது. பொருத்திய பின்னர், டேங்க் குறைந்த மாலைப் பொழுதில் முன்போலச் சோதித்தேன், நீர் நின்றது. ஆனால் உடனே நிற்கவில்லை. நான்கைந்து நொடி தயங்கியே நின்றது. புதியதே இவ்வாறு தயங்குமாயின், உப்புப் படியப் படிய என்னாகும் என்பது வெளிப்படை.

இங்கு ஓர் இடைச்செய்தி. தானே நீர் வாங்கித் துவைத்துப் பிழியும் வீட்டு யந்திரத்தை அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனத்தார் விற்பனைக்குக் கொணர்ந்தது 1937ஆம் ஆண்டில். அதே ஆண்டில், ஜி. டி. நாயுடு அவர்களும் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களும் கோயம்புத்தூரில் மின்மோட்டாரைச் செய்தனர் என்பது நம் நாட்டார் பெருமையோடு கூறும் செய்தி. அதற்குச் சில ஆண்டுகட்கு முன்னரே, 1932இல், பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியிருந்தது. மோட்டார் வந்ததும் எம் பகுதியார் கவலையும் சாலும் விட்டுக் கிணற்று நீரை மின்சாரத்தால் இறைத்தனர். கிணற்றினின்றும் நீரை மேலே ஏற்றுதலில் இத்துணைத் தேர்ச்சி பெற்ற நாட்டில், ஏற்றிய நீர் எத்தனை அடி உயரத்தில் நிற்கின்றது என்பதனை வீடு கட்டுவோர் பெரும்பாலும் எண்ணுவதில்லை. டேங்கை வைக்கப் படிக்கட்டு அறையின் மேல் இடமிருந்தும், ஏறுவதற்கு எளிதென்று தளத்திலேயே வைத்துவிடுகின்றனர்.

டேங்கை உயர்த்துவதென்றால் தூண் எழுப்பவேண்டும், செலவு அதிகம். யந்திரத்தைத் தாழ்த்தினால் என்ன என்று தந்தையாரிடம் கேட்டேன். கீழ்த்தளத்திற் புழக்கடைத் தாழ்வாரத்திற் குழாயும் வடிகாலும் இருந்தன. அங்கு வைத்தால் நீர்நிரல் மேலும் பத்தடி பெறும். டேங்க் வற்றும் தறுவாயிலும் 17 அடிக்குக் குறையாது. தந்தையார் உடன்படவில்லை. துணியை உலர்த்துவது மொட்டைமாடியில்; நனைந்த விரிப்புக்களை இரண்டு மாடி சுமந்து ஏறுவது யார் என்று வினவினார். கேள்வி நியாயமானதே. அன்னையாரின் கையை நினைந்து யானும் வாளாவிருந்தேன்.

இரண்டு நாள் அவ்வாறே சென்றன. மூன்றாம் நாள் அன்னையார் புழக்கடையில் நின்று, அங்குள்ள இரு தென்னைகளையும் மாறி மாறி நோக்கிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அன்று மாலையே கடைக்குச் சென்று முப்பதடி நைலான் கயிறு வாங்கி வரச் சொன்னார். தந்தையாரும் யானும் அடுத்த வீட்டு அண்ணனும் சேர்ந்து யந்திரத்தைச் சாக்கில் வைத்துப் படிப்படியாய்க் கீழே இறக்கினோம். குழாய் பொருத்தி, டேங்க் அடியிற் கிடந்த நேரமாகப் பார்த்துப் பிளக்கை உருவினேன். கையெடுக்குமுன் நீர் நின்றது.

பாலக்காட்டுக் கணவாயின் வழியே வரும் காற்று வைகாசி முடிவில் உடுமலையிற் பலமாய் வீசத் தொடங்கும்; ஊரைச் சுற்றியுள்ள காற்றாலைகள் அதனை எதிர்பார்த்தே நிற்பன. தென்னைகளுக்கிடையே கட்டிய கயிற்றில் விரிப்புக்கள் ஒரு மணி நேரத்தில் உலர்ந்தன. அம்மிச்சியின் அறைச் சன்னல் அப்புறமே திறக்கும். துணி படபடக்கும் ஒலி கேட்டு அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார் என்று தங்கை ஓடி வந்து கூறினாள். பழைய வால்வு எலுமிச்சைச் சாற்றுக் கிண்ணத்தோடு என் மேசைமேல் உள்ளது. கல்லூரி திறந்ததும் பௌதிக ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்து, சவ்வின் ஓரத்திலுள்ள துளையைப் பூதக்கண்ணாடியில் அளந்து பார்க்க எண்ணியிருக்கின்றேன்.